தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர்கள் கல்லூரியில் சேரும் முன்

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசையில்தான் நான் பி.ஏ. தமிழும் அதன்பின் பி.எட்.டும் படித்தேன். “டிகிரியும் பி.எட்.டும் இருந்தால் எந்த வகுப்பும் எடுக்கலாம்மா” என்று மதுரையில் ஒரு சேர்க்கை மையத்தில் சொன்னதை நம்பினேன். 2023 ஆகஸ்ட் 11 அன்று, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளின் ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதுதான், நான் வேறொரு வேலைக்கான படிப்பைப் படித்திருக்கிறேன் என்பது புரிந்தது. பிறகு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை முதலிலிருந்து படித்து முடித்தேன். பிளஸ் டூ முடித்திருக்கும் என் சித்தி மகளுக்காக எழுதிவைத்த குறிப்புகளையே இங்கு விரித்துத் தருகிறேன். விண்ணப்பம் நிரப்புவது, சான்றிதழ்களைத் திரட்டுவது ஆகியவை பள்ளியிலேயே சொல்லித்தரப்படுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: எந்த வகுப்பு என்று முடிவு செய்யுங்கள்

படிப்பின் பெயரைப் பார்ப்பதற்கு முன் வகுப்பை முடிவு செய்ய வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர் இடைநிலை ஆசிரியர். ஆறாம் வகுப்பு முதல் ஒரு பாடத்தை எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். பி.எட். இரண்டாமவருக்கானது.

இரண்டாம் படி: படிப்பைத் தேர்ந்தெடுப்பது

நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் நிதானமாக எழுதுகிறேன். தொடக்க வகுப்புகளுக்கு முதன்மையாக மூன்று வழிகள் உள்ளன. பிளஸ் டூவில் 50 விழுக்காடு பெற்றவர்கள் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு) இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில், அதாவது டி.எல்.எட். படிப்பில் சேரலாம். நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டமான பி.எல்.எட். இன்னொரு வழி; டெல்லிப் பல்கலைக்கழகம் அதை 1994-இல் தொடங்கியது. மூன்றாவது, 2023-இல் நடைமுறைக்கு வந்த நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் பட்டம், சுருக்கமாக ஐடெப். இதற்கான தேசிய நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

சிக்கல் என்னவென்றால், நான்காண்டுப் பட்டம் எல்லாமே தொடக்கப் பள்ளிக்கு உதவாது. பழைய பி.ஏ. பி.எட்., பி.எஸ்சி. பி.எட். ஒருங்கிணைந்த படிப்புகள் ஆறாம் வகுப்பு முதல் எடுப்பவர்களுக்காக வகுக்கப்பட்டவை. ஐடெப்பிலும் சேரும்போதே நிலையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்: அடித்தள நிலை என்றால் இரண்டாம் வகுப்பு வரை, ஆயத்த நிலை என்றால் மூன்று முதல் ஐந்து வரை, அதற்கு மேற்பட்டவை பெரிய வகுப்புகளுக்கு. ஆகவே கல்லூரிக்குப் போனால், “அங்கீகாரம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக அங்கீகாரம் வழங்குகிறது; ஒரே வளாகத்தில் பி.எட்.டுக்கு அங்கீகாரம் இருந்து, நீங்கள் விரும்பும் படிப்புக்கு இல்லாமலும் போகலாம். அங்கீகார ஆணையைக் கேட்டு வாங்கி, படிப்பின் பெயர், நிலை, அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் உங்கள் கண்ணால் படியுங்கள். ஆணையைக் காட்டத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். நம் மதுரை மாவட்டத்துக்காரர்கள் டி.கல்லுப்பட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு நாள் பேருந்து ஏறிப் போய் நேரில் விசாரிப்பதையே நான் விரும்புவேன். தரகர்களின் பேச்சைக் காட்டிலும் அந்தப் பயணம் பயன் தரும்.

மூன்றாம் படி: கற்பித்தல் பயிற்சி

பட்டயப் படிப்பின்போது பயிற்சிக்காக எனக்குச் சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளி கிடைத்தது. இரண்டாம் வகுப்புக்கு 32-இலிருந்து 15-ஐக் கழிக்கச் சொல்லித்தர வேண்டும். கற்றல் விளைவு, துணைக்கருவி, மதிப்பீடு என்று பாடக்குறிப்பேட்டில் மூன்று பக்கம் எழுதி, கடையில் வாங்கிய வண்ண அட்டையையும் மாட்டினேன். “இரண்டிலிருந்து ஐந்து போகாது, அதனால் பக்கத்தில் கடன் வாங்க வேண்டும்” என்று நான் சொன்னதும், முன்வரிசைச் சிறுமி, “வாங்குன கடன எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?” என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாள், தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லாத அந்த ஊரில், ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி எடுத்துப் போனேன். மூன்று கட்டு, இரண்டு உதிரி. ஐந்து குச்சி எடுக்க முடியாதபோது அதே சிறுமி தானாகவே ஒரு கட்டை அவிழ்த்தாள். உதிரி பன்னிரண்டானது, அதில் ஐந்தும், மீதமிருந்த கட்டுகளில் ஒன்றும் போக, ஒரு கட்டும் ஏழு குச்சிகளும் நின்றன. பாடநூல் இதைக் கடன் என்று சொல்லாமல் இனமாற்றம் என்று சொல்வதன் நியாயம் அப்போது எனக்கு விளங்கியது. அன்று முதல் கடை அட்டைகளை நான் வாங்குவதில்லை. பிள்ளை கையில் எடுத்து அவிழ்க்கக்கூடிய பொருளே நல்ல துணைக்கருவி என்பது என் உறுதியான கருத்து.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். குச்சிகளைப் பங்கிடவே பத்து நிமிடம் போய்விடும். குழுவுக்கு ஒரு சுருக்குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக்கொண்டு போங்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள் என்பதால், ஒரே பாடத்துக்கு மூன்று வகைச் செயல்பாடுகளைக் குறிப்பேட்டில் எழுதிப் பழகுவது நல்லது.

நான்காம் படி: தகுதித் தேர்வு

டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில், ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர்களுக்கான முதல் தாள் 150 மதிப்பெண்களுக்கானது. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ் போன்ற முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளில் தலா 30 வினாக்கள் வரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பொதுப் பிரிவினருக்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் தேவை. தடித்த கையேடுகளை வாங்குவதற்கு முன் ஒன்று முதல் ஐந்து வரையிலான அரசுப் பாடநூல்களை வரி விடாமல் படித்துவிடுங்கள். நான் மதுரை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்துதான் படித்தேன்.

பின்சேர்க்கை: இந்தக் குறிப்புகளைப் படித்தவர்கள் சிலர் கேட்டதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். டெட் தேர்ச்சி இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும்; ஆனால் அதுவே பணி நியமனம் ஆகாது, அரசுப் பள்ளியில் சேரத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். என்னைப் போல ஏற்கெனவே பி.எட். முடித்தவர்கள் அதை வீணென்று நினைத்து வருந்த வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் எடுப்பதற்கு அது முழுத் தகுதி, எட்டாம் வகுப்பு வரை எடுப்பதற்கு எழுத வேண்டியது இரண்டாம் தாள். சின்னப் பிள்ளைகள்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் பட்டயப் படிப்புக்கு இரண்டு ஆண்டுகளை ஒதுக்குங்கள்.