வளர்ச்சி உளவியலைப் படிப்பது எப்படி: அட்டவணைக்கு முன்னால் குழந்தையைப் பாருங்கள்

உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்குக் குழந்தை வளர்ச்சியும் வாழ்நாள் வளர்ச்சியும் பெரும்பாலும் தொடக்கப் பருவங்களிலேயே பாடமாக வந்துவிடும். நாம் எல்லோரும் குழந்தையாக இருந்தவர்கள், வீட்டில் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால், இது எளிதான தாள் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தோடு கடைசி இரண்டு வாரத்தில் குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்குப் பியாஜே வகுத்த நான்கு நிலைகளையும், வாழ்நாள் முழுவதற்கும் எரிக்சன் வகுத்த எட்டு நிலைகளையும் அட்டவணையாக உருப்போடுகிறார்கள். தேர்வு அறையில் இரண்டு அட்டவணைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இந்தத் தாளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறவள் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: நிலைகளின் பெயரையும் வயதையும் முதலில் படித்தவர்கள் மறந்துபோகிறார்கள், ஆய்வாளர் குழந்தையிடம் என்ன செய்தார், குழந்தை என்ன செய்தது என்பதை முதலில் படித்தவர்களுக்குப் பெயரும் வயதும் தாமாகவே நினைவில் தங்கிவிடுகின்றன.

ஆகவே எந்த அலகையும் அட்டவணையிலிருந்து தொடங்காதீர்கள். அட்டவணை என்பது யாரோ ஒருவர் பல நூறு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்து, கேட்டு, குறித்துவைத்ததன் கடைசி வடிவம். ஜான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே உற்றுப் பார்த்து எழுதிய குறிப்புகளிலிருந்துதான் பிறப்பு முதல் இரண்டு வயது வரையிலான புலன் இயக்க நிலையைப் பற்றிய கருத்துகள் பெரிதும் உருவாயின. அந்த உழைப்பின் ஒரு சிறு பகுதியையாவது நீங்கள் செய்து பார்த்தால் ஒழிய, அட்டவணை வெறும் சொற்களாகவே இருக்கும்.

ஒரு எடுத்துக்காட்டை விரிவாகவே சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஐந்து வயதுக் குழந்தையை, அவள் அம்மாவின் சம்மதத்தோடு, எங்கள் சமையலறையில் உட்காரவைத்து ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் மோர் ஊற்றினேன். இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா என்று கேட்டபோது அவள் உடனே பதில் சொல்லவில்லை. மேசை விளிம்புக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மட்டங்களையும் ஒப்பிட்டுவிட்டு, "இதுல இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தை" என்றாள். அவ்வளவு கவனம். பிறகு அவள் கண்முன்னாலேயே ஒரு டம்ளர் மோரை ஒடுங்கிய உயரமான கண்ணாடிக் குவளைக்கு மாற்றினேன். எதில் அதிகம் என்றதும், "இதுலதான் நிறைய, உசரமா இருக்கே" என்று குவளையின் மேல் மட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். மறுபடியும் பழைய டம்ளருக்கே ஊற்றியதும், "இப்ப சமம்" என்றாள். இரண்டு பதில்களுக்கும் இடையே இருக்கும் முரண்பாடு அவளைச் சிறிதும் உறுத்தவில்லை.

உங்கள் பாடநூலில் இருக்கும் மூன்று கலைச்சொற்கள் இந்த ஐந்து நிமிடத்தில் அடங்கியிருக்கின்றன. உருவம் மாறினாலும் அளவு மாறாது என்று அறிவது அளவு மாறாமை. உயரத்தை மட்டும் பார்த்து அகலத்தை விட்டுவிடுவது ஒருமுகக் கவனம். ஊற்றியதை மனத்துக்குள்ளேயே திருப்பி ஊற்றிப் பார்க்க முடிவது மீள்தன்மை. 2 முதல் 7 வயது வரையிலான செயல்பாட்டுக்கு முந்தைய நிலையில் இந்த மூன்றாவது திறன் இன்னும் உறுதிப்படவில்லை என்று பியாஜே சொன்னதை இனி நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பாடம்தான் படித்ததாகும். அந்தக் குழந்தையிடம் அதே கேள்வியை நான் இரண்டாம் முறை கேட்டபோது அவள் டம்ளரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பெரியவர் ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் முதல் பதில் தவறு என்றுதானே குழந்தைக்குத் தோன்றும்? 1974-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இந்த இடத்தைத்தான் பிடித்தன. ரோஸ், பிளாங்க் ஆகிய இருவரும் கேள்வியை ஒரே முறை மட்டும் கேட்டபோது சரியாகச் சொன்ன குழந்தைகள் கூடினார்கள். மெக்காரிகிள், டொனால்ட்சன் ஆகியோரின் ஆய்வில், பொருள்களை ஆய்வாளர் கலைக்காமல் ஒரு குறும்புக்காரக் கரடிபொம்மை தற்செயலாகக் கலைப்பதுபோல் அமைத்தபோது, அதே வயதுக் குழந்தைகளில் இன்னும் பலர் அளவு மாறவில்லை என்று சொன்னார்கள். குழந்தையின் சிந்தனையை அளக்கிறோம் என்று நினைத்து, கேள்வியின் அமைப்பை அளந்துவிடும் ஆபத்து இத்துறையில் எப்போதும் உண்டு. ஒவ்வொரு கோட்பாட்டையும் படிக்கும்போது "இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், வேறு விதமாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்று ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கம் வந்துவிட்டால், விமர்சனம் எழுதுக என்று வரும் வினாக்களுக்குத் தனியாகப் படிக்கவேண்டிய தேவையே இராது.

வயதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல் ஒரே எண்ணைத் தந்தாலும் அதை ஒரு வீச்சாகவே படியுங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, துணையின்றி நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரவிக் கிடக்கிறது. நூற்றில் நான்கு குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டன. "ஒரு வயதில் குழந்தை நடக்கும்" என்று எழுதுவதற்கும் இந்த வீச்சைக் குறிப்பிட்டு எழுதுவதற்கும் மதிப்பெண்ணில் மட்டுமல்ல, ஒரு தாயிடம் நாளை நீங்கள் பேசும் பேச்சிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. வரிசை நினைவில் நிற்க நம்மிடமே ஒரு கருவி உண்டு. பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிறது. சப்பாணியில் கை தட்டுகிறது. வருகைப் பருவத்தில் தளர்நடையிட்டு வருகிறது. தலை, உடல், கை, கால் என்று மேலிருந்து கீழாகக் கட்டுப்பாடு இறங்கிவரும் வளர்ச்சித் திசையை இந்த வரிசையோடு சேர்த்துப் படித்த மாணவர்கள் அதைத் தவறாக எழுதி நான் பார்த்ததில்லை.

குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் நெருக்கமான பற்றுப் பிணைப்பைப் பற்றிய அலகில் மிகுதியானவர்கள் தவறுகிற ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். மேரி எய்ன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுகளில் கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் 'அறிமுகமற்ற சூழல்' என்ற ஆய்வுமுறையை அமைத்தார். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையை வைத்து, தாய் அறையை விட்டு வெளியே போவதும் திரும்பி வருவதுமாக, ஒவ்வொன்றும் மூன்று நிமிட அளவிலான சிறு காட்சிகளாக அது நடக்கும். தாய் வெளியே போகும்போது எவ்வளவு அழுகிறது என்பதைக் கொண்டே குழந்தைகளை வகைப்படுத்தினார்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. தாய் திரும்பி வந்த பிறகு குழந்தை என்ன செய்கிறது என்பதே முதன்மையான அளவுகோல்: தாயிடம் போய் ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, ஒட்டிக்கொண்டே எதிர்க்கிறதா. தாயை விட்டுப் பிரிந்து பழக்கமே இல்லாத ஜப்பானியக் குழந்தைகளிடம் இந்த ஆய்வைச் செய்தபோது கடைசி வகையினர் அதிகமாகத் தெரிந்தார்கள். அது பிணைப்பின் குறையா, அல்லது அந்தக் குழந்தைக்கு அந்த அறை தந்த அதிர்ச்சியின் அளவா என்ற கேள்வி அதனால் எழுந்தது. பாட்டி, சித்தி, அத்தை என்று பல மடிகளில் வளரும் குழந்தைகளைப் பார்த்த நமக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட நன்றாகவே புரியவேண்டும்.

ஆய்வு முறைகள் அலகைப் பலர் வறண்டது என்று தள்ளிப்போடுகிறார்கள். என் கருத்தில் இந்தத் தாளின் திறவுகோலே அதுதான், ஆகவே அதைத்தான் முதலில் படிக்கவேண்டும். உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், நீங்கள் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஒரே நாளில் ஒரே எழுத்துத் தேர்வு வைத்து, மதிப்பெண் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து, வயது ஏற ஏற அறிவு குறைகிறது என்று முடிவு கட்டினால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! அங்கே தெரிவது வயதின் விளைவு மட்டுமல்ல, மூன்று தலைமுறைகளுக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்தின் வேறுபாடும்தான். வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் ஒப்பிடும் குறுக்குவெட்டு ஆய்வின் குறை இதுவே. வார்னர் ஷாயி 1956-இல் சியாட்டிலில் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்ந்த ஆய்வில், ஒரே ஆள்களை மீண்டும் மீண்டும் அளந்தபோது, பெரும்பாலான மனத்திறன்கள் அறுபது வயதை ஒட்டிய காலம்வரை ஏறக்குறைய நிலைத்திருப்பது தெரிந்தது. குறுக்குவெட்டு முடிவுகளோ சரிவு அதற்கு முன்பே தொடங்குவதாகக் காட்டியிருந்தன. இப்படி ஒரே ஆள்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்கும் நீள்நோக்கு ஆய்விலும் குறை உண்டு: இடையில் விலகுபவர்கள் பெரும்பாலும் நலிந்தவர்கள், எஞ்சியிருப்பவர்கள் வலுவானவர்கள்.

படிக்கும் முறைக்கு வருவோம். வாசித்ததையே மறுபடி மறுபடி வாசிப்பது தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தரும். ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்த மாணவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தெளிவாக மிஞ்சினார்கள். ஆகவே வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, குறுக்கே ஒரு நீண்ட கோடு வரைந்து, பிறப்பு முதல் எண்பது வரை வயதைக் குறியுங்கள். உடல், சிந்தனை, உறவு என்று மூன்று வரிசைகளை அதன்மேல் நினைவிலிருந்தே நிரப்புங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்தால் பூப்பு, கருத்துநிலைச் சிந்தனை, கோல்பெர்க் சொன்ன அறநெறித் தீர்ப்பு, எரிக்சனின் தன்னடையாளத் தேடல் ஆகியவை அடுத்தடுத்து நிற்பது தெரியும். பாடநூல் தனித்தனி அலகாகப் பிரித்துவைத்தவை ஒரே பிள்ளையின் உடலிலும் மனத்திலும் சேர்ந்தே நடக்கின்றன என்பதை வேறு எந்தக் குறிப்பும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

தமிழ்வழியில் எழுதுபவர்கள் கலைச்சொற்களுக்கு ஒரு தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கருத்துக்கு ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால், உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள சொல்லையே விடைத்தாள் முழுவதும் மாறாமல் பயன்படுத்துவது நல்லது.

களப்பணிக்காக அங்கன்வாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ செல்பவர்கள் முன்கூட்டியே பெற்றோரிடமும் பொறுப்பாளரிடமும் அனுமதி பெறவேண்டும், படம் எடுக்கக்கூடாது, ரெக்கார்ட் நோட்டில் குழந்தையின் பெயரை எழுதக்கூடாது. இருபது நிமிடம் போதும். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள். "கோபமாக இருந்தான்" என்பது உங்கள் முடிவு. "பொம்மையைத் தரையில் இரண்டு முறை அடித்துவிட்டுக் கதவைப் பார்த்தான்" என்பது அவதானிப்பு. இரண்டையும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்து எழுதிப் பழகினால் ஒரு மாதத்தில் கண் மாறிவிடும். பேசத் தாமதமான உறவுக்காரக் குழந்தையைப் பார்த்து, வகுப்பில் படித்ததை வைத்து ஆட்டிசம் என்று ஒரு மாணவி சொல்லிவிட, அந்தக் குடும்பம் வாரக்கணக்கில் உறக்கம் கெட்டுத் தவித்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கவலைக்குரியது எதையாவது கண்டால், பெயர் சூட்டாமல், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று சொல்வதோடு உங்கள் பங்கு முடிகிறது.

எஞ்சியிருப்பது வயது முதிர்ந்தோர் பற்றிய அலகுகள். பலர் நேரமில்லை என்று விட்டுவிடுவதும் இவற்றைத்தான். பிராய்டின் பாலுணர்வு வளர்ச்சி நிலைகள் பூப்போடு தொடங்கும் பருவத்தில் நின்றுவிடுகின்றன. பியாஜேயின் கடைசி நிலை பதினோரு வயதை ஒட்டித் தொடங்குகிறது. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் நம் பாட்டியல் நூல்கள் பெண்ணுக்கு வகுத்த பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவங்கள் நாற்பதோடு முடிகின்றன. அதற்குப் பிறகும் வாழ்க்கை வளர்கிறது என்று 1950-இல் எரிக்சன் எட்டாம் நிலைவரை எழுதியதும், வளர்ச்சி என்பது எல்லா வயதிலும் ஈட்டமும் இழப்பும் கலந்தது என்று பால் பால்ட்டஸ் வற்புறுத்தியதும் எவ்வளவு பெரிய திருப்பம் என்பது அப்போதுதான் விளங்கும். இந்த அலகை ஒரு முதியவரின் எதிரே உட்கார்ந்து படியுங்கள். முன்பு எளிதாகச் செய்து இப்போது முடியாமல் போனது எது, அதற்குப் பதிலாக என்ன வழி கண்டுபிடித்தீர்கள், இளமையில் தெரியாமல் இப்போது தெரிவது எது என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். அவசரப்படுத்தாமல் பதில்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அன்று இரவு பாடநூலின் அந்தப் பகுதியைத் திறந்து, எந்தப் பதில் எந்தக் கருத்தின் பக்கத்தில் போய் உட்காருகிறது, எது எங்கும் பொருந்தாமல் நிற்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். பொருந்தாமல் நின்றதை மறுநாள் வகுப்புக்குக் கொண்டுவந்து கேளுங்கள்.