சோலைவரி என்று தேடினால் கிடைக்க வேண்டும்

யாழ்ப்பாணத்தில் ஒரு உள்ளூராட்சி சபையின் இணையத்தளத்தைத் திருத்தியபோது மினக்கெட்டது எழுத்தில்தான். பழைய பக்கங்கள் எல்லாம் பாமினியில் இருந்தன; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். கூகுளிலும் தமிழில் தேடினால் அகப்படாது.

யுனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றும்போது முழுப் பக்கத்தையும் மாற்றும் மென்பொருளில் போடாதீர்கள், இடையில் உள்ள ஆங்கிலமும் மின்னஞ்சல் முகவரியும் சிதையும். பாமினி என்று குறித்த பகுதிகளை மட்டும் பிரித்தெடுங்கள். பிறகு ஔகாரத்தைப் பாருங்கள். 'கௌரவ' என்பதில் உள்ள 'கௌ', க, ஒற்றைக்கொம்பு, ள என்ற எழுத்து என்று பிரிந்து மாறியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் சிக்காது. எல்லா 'ெள'வையும் ஒரேயடியாக மாற்றினால் 'வெள்ளம்', 'தெளிவு' கெட்டுவிடும். ஆகவே கௌரவ, பௌத்த, பௌர்ணமி என்று சொல் சொல்லாகத்தான் மாற்றினேன்.

அடுத்தது பெயர். வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரிக்குத் தளத்தில் 'ஆதன வரி' என்று பெயர், சனம் தேடுவது 'சோலைவரி'. தலைப்பில் இரண்டையும் போட்டேன். ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10% கழிவு என்பது அதன் கீழ் முதல் வசனம்.

முகப்பில் ஓடிய படங்களை எடுத்துவிட்டு சோலைவரி, குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதி ஆகியவற்றை வைத்தேன். ஸ்கான் செய்த படிவங்களைத் திரும்பத் தட்டச்சு செய்து, தேவையான ஆவணங்களைப் பக்கத்திலேயே எழுதினேன். ஒருவரை இரண்டு தரம் கந்தோருக்கு அலைய வைப்பது பெரும்பாலும் அந்தத் தகவல் இல்லாததுதான்.

பழைய பக்கங்களின் இணைய முகவரிகளை அழிக்காமல், 301 என்ற நிரந்தரத் திருப்பல் மூலம் புதியவற்றுக்குத் திருப்புங்கள். வைபரில் பகிர்ந்த இணைப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.