தீராத நோயும் தீர்ந்துபோகும் பணமும்: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு, கோபி, பவானி வட்டாரங்களில் புற்றுநோயாளிகளின் வீடு தேடிச் சென்று, வலியையும் உபாதையையும் தணித்துக் கவனிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைக் குழு ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். செவிலியர் உள்ளே புண்ணுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், வீட்டாருடன் திண்ணையில் உட்கார்ந்து வரவு செலவு, கடன், காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பேசுவது என் வேலை. இனிக் குணமாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட வீடுகளில் பெரும்பாலும் முந்தைய வீட்டில் பார்த்த அதே தவறு, அதே வரிசையில், அதே பதற்றத்தோடு நடக்கிறது. போலி வைத்தியரிடம் போகாதீர்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்பதையெல்லாம் ஊரே சொல்லும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் எடுத்துச் சொல்லாததால் குடும்பங்கள் பணத்தையும் நிம்மதியையும் சேர்த்து இழக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பணத்தைக் கட்டிவிட்டுக் காப்பீட்டைத் தேடுவது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது. இது மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் திட்டமே தவிர, நாம் கட்டிய பணத்தைப் பிறகு திருப்பித் தரும் திட்டம் அன்று. ஆகவே அட்டை இல்லாதவர்கள் முதல் பரிசோதனை முடிவு வந்த வாரத்திலேயே வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போய்விட வேண்டும். சென்னைக்கும் வேலூருக்கும் ரயிலில் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமனை கையெழுத்திட்ட படிவம் இருந்தால், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வருபவர் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி உண்டு.

வேலையை ராஜினாமா செய்வது

‘இனிமேல் எங்கே வேலைக்குப் போகப் போகிறார்’ என்று சொல்லி, பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுப்பதற்காகவே ராஜினாமாக் கடிதம் கொடுக்க வைக்கிறார்கள். நோய்க்காக பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுக்க வேலையை விட வேண்டிய தேவையே இல்லை. வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், பி.எஃப்.புடன் இணைந்த காப்பீட்டின் கீழ் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடும். ராஜினாமா செய்து பெயர் நீங்கிவிட்டால் அந்த உரிமை கைநழுவிவிடும். இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, தொடர்ந்து 2 ஆண்டு பணியில் இருந்தவர் போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஊதியத்தில் 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை பெற வழி இருக்கிறது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்தவர்களின் வீடுகளில்கூட இது தெரிவதில்லை. ராஜினாமாவுக்கு முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு ஒரு முறை நேரில் போய் வாருங்கள்.

நோயாளியிடம் மறைத்துக்கொண்டே அவர் குடும்பத்தின் சொத்தைக் கரைப்பது

எனக்கு இன்றளவும் ஆற்றாமையைத் தருவது இந்தத் தவறுதான். நோயை மறைப்பதை எல்லாரும் பாசத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் அது முதலில் பணத்தின் கணக்கில் எழுத வேண்டிய தவறு. எதற்குச் செலவழிக்கலாம், எதை விற்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு முதலில் உண்டோ, அந்த ஒருவரை மட்டும் வெளியே உட்கார வைத்துவிட்டு, மற்ற எல்லாரும் கூடி முடிவெடுக்கிறார்கள். தனித்தனியே கேட்டால் ‘இவ்வளவு செலவு வேண்டாம்’ என்றே அவர்களில் பலரும் சொல்வார்கள். கூட்டத்தில் அதை முதலில் சொல்பவர் பாசமற்றவர் ஆகிவிடுவாரோ என்ற பயத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அந்த இடத்தில் ‘போதும்’ என்று சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவர்தான். அவருக்கோ என்ன நோய் என்றே சொல்லப்பட்டிருக்காது.

மஞ்சள் மண்டியில் எடை போடும் வேலை பார்த்த ஒருவருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்து, கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. உடம்பெல்லாம் மஞ்சளாக இருந்ததால் வெறும் காமாலைதான் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். “அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே உசுரு போயிருங்க்கா” என்று மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். மருத்துவமனைக் கோப்பின் மேல் புற்றுநோய்ப் பிரிவு என்று அச்சடித்திருந்ததால், பள்ளிக்கூடத்து நோட்டுக்கு அட்டை போடுவதைப் போலக் காக்கித்தாள் சுற்றி, மூலைகளை மடித்துப் பசை வைத்து ஒட்டி, கோப்பைப் பீரோவுக்கு மேல் வைத்திருந்தார்கள். அப்பா பார்க்கக் கூடாது என்று செய்த ஏற்பாட்டில், வீட்டில் யாருமே அதைப் பிரித்துப் படிக்கவில்லை. அதன் மூன்றாம் பக்கத்தில், கீமோ தொடங்கிய நாளிலேயே, இது நோயைக் குணப்படுத்துவதற்கன்று, உபாதையைத் தணிப்பதற்கு மட்டுமே என்று பொருள்படும் ‘பேலியேட்டிவ் இன்டென்ட்’ என்ற குறிப்பை மருத்துவர் எழுதியிருந்தார்.

முதல் கட்டக் கீமோ பலன் தராமல் போகவே, ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்காக, மனைவியின் பெயரில் இருந்த அரை ஏக்கர் நிலத்தை நோயாளிக்குத் தெரியாமல் அவசர விலைக்கு விற்றார்கள். அந்த நிலம் அவர் மண்டிக்கூலியில் மிச்சம் பிடித்து, மகளின் வாழ்வுக்கென்று வாங்கிப் போட்டது. நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், அறியாமல், “கிரயம் எவ்வளவுக்குப் போச்சு மாமா?” என்று அவரிடமே கேட்டுவிட்டார். அடுத்த முறை நாங்கள் போனபோது அவர் கதவைச் சாத்தச் சொன்னார். “எனக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும்மா. நிலத்தை வித்ததுதான் எனக்குத் தெரியாமப் போச்சு” என்றார். ஒவ்வொரு முறையும் கீமோ அறையில் பத்துப் பேரோடு உட்கார்ந்து ஊசி ஏற்றிக்கொள்பவருக்கு நோய் தெரியாமல் இருக்குமா? தமக்குத் தெரியும் என்பது தெரிந்தால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவரும் நடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பேச்சு திறந்துகொண்ட பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். யார் யாருக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்திருக்கிறார், எந்தச் சீட்டில் எத்தனை தவணை பாக்கி, மண்டி முதலாளியிடம் நிற்கும் கூலி எவ்வளவு என்பதையெல்லாம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மகளை எழுதச் சொன்னார். அந்தத் தகவல் எதற்கும் பத்திரம் இல்லை. அவர் நினைவில் மட்டுமே இருந்தது. கடன் வாங்கியவர்களில் ஒருவர் நேரில் வந்து திருப்பிக் கொடுத்தார். வங்கிக் கணக்கில், பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன அவருடைய தாயார்தான் நாமினியாக இருந்தார், அதை மாற்றினோம். மூன்றாவது சுழற்சிக் கீமோ வேண்டாம் என்று அவரே மருத்துவரிடம் சொன்னார். நிலம் மட்டும் திரும்பவில்லை. ஆறு வாரம் முன்னால் இதே பேச்சு நடந்திருந்தால், அது இன்றும் அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்கும்.

பரவிய நோய்க்குக் கீமோ கொடுப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. பல நோய்களில் அது வலியைக் குறைக்கும், மூச்சை இலகுவாக்கும், சில மாதங்களைக் கூட்டியும் தரும். விற்பதற்கு முன், அடகு வைப்பதற்கு முன், மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள் என்றுதான் மன்றாடுகிறேன்: இந்த மருந்து குணமாக்கவா, நாளை நீட்டிக்கவா, உபாதையைத் தணிக்கவா? எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? எதைப் பார்த்து, எந்தக் கட்டத்தில் நிறுத்துவோம்? இதே மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்குமா? ‘நம்பிக்கையோடு இருங்கள்’ என்பது இந்தக் கேள்விகளுக்கு விடை ஆகாது. தெளிவான விடை வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

நோயாளியிடம் சொல்வதென்றால் ஒரே மூச்சில் போட்டு உடைப்பது என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. “டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுப்பா? இன்னும் ஏதாவது தெரிஞ்சுக்கணும்னு தோணுதா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள். “எனக்கு எதுவும் வேண்டாம், பையன்கிட்ட சொல்லுங்க” என்றால் அதுவும் அவருடைய முடிவுதான். அதை மதிக்க வேண்டும். கேட்காமலேயே அவருக்காக நாம் முடிவு செய்துவிடுவதைத்தான் தவறு என்கிறேன்.

மார்ஃபினைக் கடைசிக்கு என்று எடுத்து வைப்பது

மார்ஃபின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயத்தில், மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, வலியில் துடிப்பவருக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கிற வீடுகள் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காகக் கொடுக்கப்படும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய 4 மணி நேரமே நிற்கும் என்பதால், வலி வந்த பிறகு கொடுக்காமல் மருத்துவர் சொன்ன நேரத்துக்குக் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

இதைப் பணத்தைப் பற்றிய கட்டுரையில் எழுதக் காரணம் இருக்கிறது. மார்ஃபின் மாத்திரை விலை குறைந்த மருந்து. அடங்காத வலிதான் விலை கூடியது. நள்ளிரவில் வாடகைக் கார், அவசரப் பிரிவு, மறுபடியும் ஸ்கேன், இரண்டு நாள் படுக்கை என்று ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில் போகிறது. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருந்து கொடுப்பதற்கான விதிகள் நாடு முழுவதும் ஒரே மாதிரி ஆக்கப்பட்டன. தெருமுனை மருந்துக்கடையில் இல்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவுச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

முதல் கடனையே மீட்டர் வட்டிக்கு வாங்குவது

வங்கி நகைக்கடனும் கூட்டுறவுச் சங்கமும் இருக்கும்போது மீட்டர் வட்டிக்காரர் வாசலை மிதிக்காதீர்கள்.

பவர் பத்திரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பது

எழுதிக் கொடுத்தவர் இறந்த நொடியில் பவர் செல்லாது. உயில் எழுதுவதற்கு அவர் தெளிவாக இருக்கும் நாள்களே நாள்கள்.

மகளின் படிப்பை நிறுத்துவது

கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும் குடும்பத்தின் கண் முதலில் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளையின் மேல்தான் விழுகிறது. அவளுக்குச் சம்பளம் இல்லை என்பதால் செலவே இல்லாத ஏற்பாடு போலத் தோன்றுகிறது. நோய் சில மாதங்களில் முடிந்துவிடும். நின்றுபோன படிப்பு பெரும்பாலும் நின்றதுதான். சித்தி, பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டார் என்று யார் யார் எந்தக் கிழமை வர முடியும் என ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ‘ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம், புதன்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் வந்து உட்கார முடியுமா என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலானோர் வருவார்கள். குறிப்பாகக் கேட்கப்படாததால்தான் வராமல் இருக்கிறார்கள்.

கடைசி வாரத்தில் ஐ.சி.யு.வுக்கு ஓடுவது

மாதக்கணக்கில் சிக்கனமாக இருந்த குடும்பங்களும் கடைசி நான்கைந்து நாள்களில் எல்லாவற்றையும் இழப்பதைப் பார்க்கிறேன். மூச்சு இழுக்கத் தொடங்கியதும், அது வரும் என்று யாரும் முன்பே சொல்லியிராததால், பயந்துபோய் ஆம்புலன்ஸை அழைக்கிறார்கள். பரவி முற்றிய நோயில் செயற்கைச் சுவாசக் கருவி நோயை மாற்றாது. பலருக்கு அது பிள்ளைகளின் முகம் பார்க்காத கடைசி நாள்களையே தருகிறது. மூச்சுத் திணறல், வலி, கலக்கம் ஆகியவற்றை வீட்டிலேயே தணிப்பதற்கு மருந்துகள் உண்டு. என்னென்ன நடக்கும், அப்போது எந்த மருந்து, யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பதை உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செயற்கைக் கருவி வேண்டாம் என்று நோயாளி விரும்பினால், அதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உறுதிப்படுத்தியது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும் என்று ஆக்கியது.

வீட்டில் இறந்தால் போலீஸ் பிரச்சினை வரும் என்ற பயமும் பலரை மருத்துவமனைக்குத் துரத்துகிறது. நோயால் நேர்ந்த இயற்கை மரணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. தொடர்ந்து பார்த்து வந்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்று கேட்டுப் பெற்று, 21 நாள்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ பதிவு செய்ய வேண்டும். காப்பீடு, பி.எஃப்., வாரிசுச் சான்றிதழ், நல வாரிய உதவி என்று இனி வரும் ஒவ்வொன்றுக்கும் அந்த இறப்புச் சான்றிதழ்தான் கேட்கப்படும். பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் பாலிசியிலும் இருப்பது போலவே எழுதப்பட்டிருக்கிறதா என்று, பதிவேட்டில் ஏறும் முன்பே, அழுகைக்கு நடுவிலும் நிதானமாகப் பார்க்கக்கூடிய உறவினர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள்.