கைப்பைக்கு ஒரு மல்டிடூல்: கத்தியை விடக் கத்தரியைப் பாருங்கள்

மூன்று வருடம் முன்பு பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக வேறொரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் நின்ற ஒரு மாணவியின் கண்ணாடியில் ஒரு பக்கக் கை கழன்று விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் வெர்னியர் கோடுகளைப் படிக்க அவளால் முடியாது. திருகாணி மேஜைக்கு அடியிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் திருக ஒன்றும் இல்லை. லேபில் இருந்த திருப்புளி ஃபேன் கழற்றுகிற அளவு. கடைசியில் மெல்லிய செம்புக் கம்பியைத் துளையில் விட்டு முறுக்கிக் கொடுத்தேன், அவளும் தேர்வை முடித்துவிட்டாள். அதில் போன பத்து நிமிடம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே கைப்பையில் ஒரு கருவி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது தப்பான பொருள். பொருட்காட்சிக் கடை ஒன்றில் 250 ரூபாய்க்குப் ‘பதினொரு வேலை செய்யும்’ மல்டிடூல், அதாவது கத்தி, திருப்புளி என்று பல கருவிகள் ஒன்றுக்குள் மடங்கியிருப்பது. ஒரு மாதத்துக்குள் அதன் ஸ்டார் முனை குக்கர் கைப்பிடித் திருகாணியில் மழுங்கி உருண்டது. அப்புறம் ஒரு நாள் பார்சல் பிரிக்கும்போது கத்தி தானாக மடங்கி ஆள்காட்டி விரலை வெட்டியது. கத்தியைத் திறந்து வைத்தால் நிறுத்திப் பிடிக்க உள்ளே வலுவான ஸ்பிரிங் இருக்க வேண்டும், அதில் அது பெயருக்குத்தான் இருந்தது. அதனால் கடையில் எதை எடுத்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு கருவியையும் திறந்து, விரலை வெட்டுவாயில் படாமல் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று உட்கார வேண்டும். எல்லாவற்றையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தகடுகளுக்கு நடுவே இடைவெளி தெரியக் கூடாது.

இரண்டாவது முறை வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இரண்டு வாரம். கை எப்போதெல்லாம் ஒரு கருவியைத் தேடுகிறதோ, அப்போதெல்லாம் ஒரு வரி. நீங்களும் இதைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். என் கணக்கில் கத்தரி 13 முறை: மாத்திரை அட்டை, பூச்சரம், புடவைத் தலைப்பில் தொங்கிய நூல், ஷாம்பு பாக்கெட், லேபில் இன்சுலேஷன் டேப். ஸ்டார் திருப்புளி 5 முறை. முள்வாங்கி 3 முறை, அதில் இரண்டு சீமைக்கருவேல முள். கத்தி தேவைப்பட்டது இரண்டே தடவை, இரண்டுமே கொரியர் பெட்டி, இரண்டையுமே கத்தரியின் நுனி திறந்திருக்கும். டப்பா திறப்பான் ஒரு தடவைகூட இல்லை. உங்கள் நோட்டு வேறு மாதிரி இருக்கலாம். மீன் பிடிக்கப் போகிறவருக்கும் தோட்டம் வைத்திருப்பவருக்கும் கத்திதான் முதலில் வரும். எது வந்தாலும் அதிகம் வருகிற மூன்று வேலையை நன்றாகச் செய்கிற, இருப்பதிலேயே சின்னக் கருவியைத் தேடுங்கள்.

தேடப் போனால் இரண்டு குடும்பங்கள் கண்ணில் படும். ஒன்று கத்தி வழி வந்தது. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸனர், 1897இல் அதிகாரிகள் கத்தி என்ற ஒன்றுக்குப் பதிவுரிமை வாங்கினார். ஒரே ஸ்பிரிங்கை இரண்டு பக்கத்துக் கருவிகளுக்கும் பொதுவாக்கியதுதான் அதன் சாமர்த்தியம். அதனால்தான் அவ்வளவு மெலிதாக அத்தனை கருவிகளை அடுக்க முடிந்தது. இன்றைய விக்டோரினாக்ஸ் அந்தப் பட்டறைதான். இன்னொன்று இடுக்கி, அதாவது பிளேயர் வழி வந்தது. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வண்டி மக்கர் பண்ணும்போதெல்லாம் கையில் இருந்த கத்தியில் ஓர் இடுக்கி இல்லையே என்று ஏங்கினார். பல வருடம் உழைத்து 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியில் நடுவில் நின்றது இடுக்கிதான். உங்கள் நோட்டில் பிடிப்பது, முறுக்குவது, இழுப்பது அதிகம் என்றால் இரண்டாவது குடும்பத்துக்குப் போங்கள். வெட்டுவது, திருகுவது, முள் எடுப்பது என்றால் முதல் குடும்பம் போதும்.

கத்தரியைச் சோதிக்க ஒரு தையல் நூலும் காலியான மாத்திரை அட்டையும் கொண்டுபோங்கள். நூலை நுனியாலேயே வெட்டிப் பாருங்கள். மட்டமான கத்தரி நூலை வெட்டாது, இரண்டு அலகுக்கும் நடுவே மடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை அட்டையை ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கைவிட்டதும் அலகு தானாகத் திறக்க வேண்டும், அதற்கென்று சின்ன ஸ்பிரிங் இருக்கும். அது உடைந்தால் மாற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்புளி விஷயத்தில் கொஞ்சம் இயற்பியல் பேச வேண்டியிருக்கிறது. திருகுவதற்கு வேண்டியது திருப்புவிசை. கை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறதோ, அவ்வளவு கூடும். சாவிக்கொத்தில் தொங்கும் கருவியின் அகலம் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அதை நேராக நீட்டித் திருகினால் விரலுக்கு அவ்வளவு நெம்புதான் கிடைக்கும். இறுகிய திருகாணி வந்தால் முனையை முழுக்கத் திறக்காமல் 90 டிகிரியில், ‘ட’ எழுத்து போல நிறுத்துங்கள். இப்போது கருவியின் முழு நீளமும் நெம்புகோல் ஆகிவிடும். இறுகிய திருகாணியை அப்படி அசைத்துவிட்டு, பிறகு நேராக நீட்டிச் சுற்றிக் கழற்றலாம். வாங்கும்போது அந்தப் பாதி நிலையில் முனை நிற்கிறதா, வழுக்கி மூடுகிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் குக்கர் கைப்பிடி, சுவிட்ச் பெட்டி, பொம்மைகளின் பேட்டரி மூடி என்று பெரும்பாலும் ஸ்டார் திருகாணிதான், எனவே ஸ்டார் முனை இல்லாத கருவி எனக்கு வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் கண்ணாடித் திருகாணிக்காக இதையெல்லாம் தொடங்கினேனோ, அதற்கு இந்தச் சின்ன மல்டிடூல்களின் முனை தடிமன். அதற்குக் கண்ணாடிக் கடையில் கிடைக்கும் ஊசி போன்ற திருப்புளியை வாங்கிக் கண்ணாடி உறைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.

இடுக்கி உள்ளதில் சாவிக்கொத்து அளவுக்கு கெர்பர் நிறுவனத்தின் டைம் (Dime) இருக்கிறது, சுமார் 62 கிராம். ஜிப் இழுப்பான் உடைந்தால் பிடித்து இழுக்க, சேஃப்டி பின்னை நிமிர்த்த, கம்பியை வளைக்க நன்றாக உதவும். நட்டு கழற்ற இதை நம்பாதீர்கள், கைப்பிடி அவ்வளவு சின்னது. மின்சாரம் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் உறை இருக்கிறது. மல்டிடூல் முழுக்க இரும்பு. நம் வீட்டு லைனில் ஓடுவது 230 வோல்ட். சுவிட்ச் பெட்டியைத் தொடுவதாக இருந்தால் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான். என் மாணவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எடையைப் பற்றிக் கடையில் யோசித்தால் ஏமாந்துவிடுவோம், கையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாமே லேசாகத்தான் தெரியும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். 10 ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். 58 மில்லிமீட்டர் நீளமுள்ள விக்டோரினாக்ஸ் கிளாசிக் மூன்று நாணய எடைதான். கெர்பர் டைம் எட்டு நாணயம். லெதர்மேன் நிறுவனத்தின் ஸ்கெலிடூல் 142 கிராம், அதாவது பதினெட்டு நாணயம். அதே நிறுவனத்தின் வேவ் 241 கிராம், முப்பத்தொரு நாணயம். வாங்க நினைக்கும் கருவியின் எடைக்கு நாணயங்களை ஒரு சுருக்குப் பையில் கட்டி, ஒரு வாரம் தினமும் தூக்கிக்கொண்டு போங்கள். சட்டைப் பாக்கெட்டானால் சட்டைப் பாக்கெட்டில், கைப்பையானால் கைப்பையில். மூன்றாம் நாளே அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தோன்றினால் அந்த எடை உங்களுக்கு ஆகாது. எனக்குப் பத்து நாணயம் வரை ஒன்றும் தெரியவில்லை, பதினெட்டில் தோள் சொல்லிவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவள் நான்.

கத்தி வேண்டுமா வேண்டாமா என்பதை நான் நிறைய யோசித்தேன். சட்டப்படி இவ்வளவு சின்னக் கத்தியில் பெரிய சிக்கல் இல்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பட்டியலிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை, அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை விட்டுவிட்டு. ஆனால் பிள்ளைகளின் பையில் கத்தி இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லும் நான் என் பையில் ஒன்றை வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைய முடியாது. அதனால் பள்ளிக்குக் கத்தி இல்லாத வகைதான். விக்டோரினாக்ஸில் ஜெட்செட்டர் என்று ஒன்று உண்டு: கத்தரி, ஸ்டார் முனை, முள்வாங்கி, மூடி திறப்பான், கம்பி உரிக்கும் பள்ளம் எல்லாம் இருக்கும், கத்தி மட்டும் இருக்காது. என் நோட்டுக்கு அது அச்சாகப் பொருந்தியது. வீட்டில் வைத்திருப்பது ராம்ப்ளர். கிட்டத்தட்ட அதே கருவி, கத்தியோடு. விமானத்தில் போகும்போது எந்த மல்டிடூலையும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து கைப்பையிலேயே கொண்டுபோய்ச் சோதனையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணன் வாங்கித் தந்தது, இன்னும் மனசு கேட்கவில்லை.

எங்கள் ஊர் தூத்துக்குடி. உப்பளமும் கடலும் பக்கத்திலேயே இருப்பதால் துரு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நினைப்பது தவறு. அதில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருக்கும், அது மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகக் காவல் நிற்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும், நம் வியர்வையிலும் அதே உப்புதான். கூர்மை நிற்க வேண்டும் என்று கார்பன் கூடச் சேர்த்த எஃகில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். எங்கள் லேப் அண்ணாச்சி முதலில் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார், விட்டேன். சில வாரத்தில் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு கத்தரி திறக்கவே மாட்டேன் என்றது. இப்போது மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை திறந்து மூடி, உதறித் துடைத்து, வெயிலில் அரை மணி நேரம் வைக்கிறேன். காய்ந்ததும் மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பழம் வெட்டுகிற கத்திக்கு மட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்.

புடவைக்குப் பாக்கெட் இல்லை, சாவிக்கொத்தில் மாட்டினால் வண்டியை விட்டு இறங்கியதும் கழற்ற வேண்டியிருக்கிறது. அதனால் வளையத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு நைலான் கயிறு கட்டி, மறுமுனையைக் கைப்பையின் உள் ஜிப்பில் முடிந்து வைத்திருக்கிறேன். பைக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்தால் கருவி வந்துவிடும், யாருக்காவது கொடுத்தாலும் முடிச்சை அவிழ்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் திரும்ப வாங்க மறப்பதில்லை.