கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு: நோட்டுப் போட்டுப் பயிற்சி செய்வது எப்படி?

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் பழகியபோது ஒருநாள்கூட வண்டி ஆஃப் ஆனதில்லை. அதனால் எனக்கு நன்றாக ஓட்ட வந்துவிட்டது என்றே நம்பினேன். உரிமம் கைக்கு வந்த வாரம் அண்ணனின் காரைத் தனியாக எடுத்துக்கொண்டு போய், ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்று முறை வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றவர்களின் ஹாரனைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், அதுவரை கிளட்சைச் சரியான நேரத்தில் மிதித்துக்கொண்டிருந்தது பக்கத்து இருக்கையில் இருந்த ஆசிரியரின் கால் என்பது புரிந்தது. பயிற்சி வண்டிகளில் அவர் பக்கத்திலும் மிதிகள் இருக்கும் அல்லவா? அவர் மிதிப்பது பழகுகிறவருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

பிறகு என் அக்கா மகளுக்குக் கார் பழக்கும் பொறுப்பு வந்தபோது, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு திறனையும் தனித்தனியே எழுதி, தினமும் அளந்து பார்த்தோம். அந்த முறையைத்தான் இங்கே தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி விளக்குகிறேன்.

முதல் படி: எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம்

காருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து, சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு 60 சதவீதம் சரியாக விடையளித்தால் பழகுநர் உரிமம் கிடைக்கும். அது ஆறு மாதம் செல்லும். கிடைத்த நாளிலிருந்து 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். 31-ஆம் நாளே தேர்வு எழுதித் தள்ளிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள், மீதமிருக்கும் ஐந்து மாதமும் பழகுவதற்காகத்தான் தரப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும்; வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பயிற்சி நேரத்தைக் கணக்கு வைத்தல்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சொந்த உபயோகக் காருக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் வண்டியை நேரடியாக ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதைப் பயிற்சிப் பள்ளி 15-ஆம் எண் படிவத்தில் பதிய வேண்டும் என்பதும் விதிதான். சேரும்போதே அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கேளுங்கள். ஒரே வண்டியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்குப் பத்து நிமிடம் தருகிற இடமானால், 21 நாளில் உங்கள் கையில் ஸ்டியரிங் இருந்தது மூன்றரை மணி நேரம் மட்டுமே. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதிகளோ, காருக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம் என்று வகுத்திருக்கின்றன. அதில் 8 மணி நேரம் பாடம், 21 மணி நேரம் ஓட்டுதல். அப்படிப்பட்ட மையம் பக்கத்தில் இல்லாதவர்களும் அந்த 21 மணி நேரத்தைத் தங்கள் இலக்காக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: நோட்டில் மூன்று குறிகள்

ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். ஆசிரியர் சொல்லச் சொல்லச் செய்திருந்தால் 'சொ', நினைவூட்டிய பிறகு செய்திருந்தால் 'நி', யாரும் வாய் திறக்காமல் தானாகச் செய்திருந்தால் 'தா'. தொடர்ந்து மூன்று நாள் 'தா' விழுந்தால்தான் அந்தத் திறன் வந்துவிட்டதாகக் கணக்கு. நடுவில் ஒரு 'நி' விழுந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். குறியைப் போட வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர்தான். பழகுகிறவர் போட்டால் நோட்டு முழுவதும் 'தா' ஆகிவிடும். வண்டியிலிருந்து இறங்கும் முன், ஆசிரியர் இன்று எத்தனை முறை தன் பக்கத்து மிதியைத் தொட்டார் என்று கேட்டு, அந்த எண்ணையும் பக்கத்தின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் சில நாள் அது பெரிய எண்ணாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காம் படி: நிற்கிற வண்டியும் வெறும் மைதானமும்

கிளட்சை முழுவதும் மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்தி, கண்ணாடிகளைத் திருப்பி, சீட் பெல்ட் போட்டு, அதன் பிறகே சாவியைத் தொட வேண்டும். மைதானத்தில் முதல் இரண்டு நாளும் ஆக்சிலரேட்டர் வேண்டாம். முதல் கியரில் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, எஞ்சின் சத்தம் கனத்து வண்டி லேசாக அதிரும் இடத்தைக் கால் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். அந்த இடம்தான் அரை கிளட்ச். அது காருக்குக் கார் மாறும்.

ஐந்தாம் படி: ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தல்

பழகுகிறவர்கள் மிகவும் பயப்படுவதும் பள்ளிகளில் மிகக் குறைவாகச் சொல்லித் தருவதும் இதைத்தான் என்பதால், இதற்கு மட்டும் முழுதாக மூன்று நாள் ஒதுக்குங்கள். போக்குவரத்தே இல்லாத ஓர் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் படுக்க வையுங்கள். வைத்தவர் விலகி ஓரமாக வந்து நின்ற பிறகே அடுத்த வேலை. முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் எஞ்சின் சத்தம் இறங்கி, பானெட்டின் மூக்கு சற்றே எழும். அங்கே இரண்டு கால்களையும் அப்படியே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி பின்னால் போகாமல் அப்படியே நின்றால் சரியாக வந்திருக்கிறது. அதன் பிறகு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டினால் முன்னால் நகரும். பாட்டில் நசுங்கும் சத்தம் கேட்டால், பிரேக்கை மிதித்து மறுபடி தொடங்குங்கள். என் அக்கா மகள் முதல் நாள் நான்கு பாட்டில்களை நசுக்கினாள். மூன்றாம் நாள் வைத்த பாட்டில் வைத்தபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஆறாம் படி: தெருவும் கடைவீதியும்

காலை ஆறு மணித் தெருவில் கியர் மாற்றிப் பழகி, ரிவர்ஸ் எடுப்பதையும் குறுகிய இடத்தில் நிறுத்துவதையும் பார்த்துவிட்டு, கடைசியாகக் கடைவீதிக்குப் போகலாம். அங்கே அளக்க வேண்டியது கைகால் வேலையை விடக் கண் வேலையைத்தான்: திரும்பும் முன் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மறுபடி பார்த்தாரா? நிற்கிற பஸ்ஸைத் தாண்டும்போது, அதன் முன்னாலிருந்து ஆள் குறுக்கே வரக்கூடும் என்று வேகத்தைக் குறைத்தாரா? இடப்பக்கம் திரும்பும்போது வண்டிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே நுழையும் ஸ்கூட்டரைக் கவனித்தாரா? உங்கள் சொந்தக் காரில் பக்கத்தில் இருப்பவருக்கு மிதி கிடையாது, ஹேண்ட் பிரேக் மட்டுமே கைக்கு எட்டும். ஆகவே கடைவீதியை முதலில் பள்ளி வண்டியிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஏழாம் படி: வீட்டுத் தேர்வு

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, அரை மணி நேரம் ஆசிரியர் எதுவும் பேசாமல் உட்கார்ந்து வரட்டும். எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம். அவர் மிதியைத் தொட்டாலோ, 'ஏய், பார்த்து' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ அன்றைய தேர்வு தோல்வி. ஆபத்தைப் பார்த்தால் அவர் தயங்காமல் மிதிக்கத்தான் வேண்டும். தோல்வி என்று நோட்டில் எழுதுவது வீட்டுக்கு வந்த பிறகு. இரண்டு முறை தொடர்ந்து தேறினால் தேதி வாங்குங்கள்.

எட்டாம் படி: வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்

மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லப்படுகிறவர், பெரும்பாலும் சில நிமிடங்களே உங்களைப் பார்ப்பார். ஆனால் மேலே சொன்ன 1989 விதிகளில் 15-ஆம் விதியில் அவர் சோதிக்கலாம் என்று எழுதியிருப்பது நீண்ட பட்டியல்: கண்ணாடியைச் சரிசெய்வது, நேராகவும் கோணத்திலும் வண்டியை எடுப்பது, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் கிளப்புவது, முந்துவதும் முந்த விடுவதும், பாதசாரிகள் கடக்குமிடத்தில் நடந்துகொள்வது, ரிவர்ஸ் எடுப்பது என்று போகும். உங்கள் நோட்டின் வரிகளை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொண்டால் எதுவும் விட்டுப்போகாது. தேறவில்லை என்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தவறினால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும்.

உரிமம் வந்த பிறகும் நோட்டில் சில வரிகள் மிச்சமிருக்கும். இரவில் எதிர் வண்டியின் ஹை பீம், நான்குவழிச் சாலையில் லாரியை முந்துவது, கனமழை ஆகியவற்றை யாரும் தேர்வில் பார்ப்பதில்லை. என் அக்கா மகளின் நோட்டில் 'இரவு மழை' என்ற வரிக்கு எதிரே இன்னும் 'நி' தான் இருக்கிறது; அப்படிப்பட்ட நாளில் பக்கத்தில் ஆள் இல்லாமல் அவள் வண்டியை எடுப்பதில்லை.