மழைக்கு இறுகும் மர ஜன்னல் கதவைச் சரிசெய்வது எப்படி? இழைப்பதற்கு முன் அடி விளிம்பைப் பாருங்கள்

மழை பிடித்ததும் மர ஜன்னல் கதவு இறுகிக்கொள்ளும். உடனே ஓரத்தை இழைத்துவிடுவதுதான் பலரும் செய்வது. வெயில் வந்ததும் அதே கதவில் காற்றும் தூசியும் புகுகிற அளவுக்கு இடைவெளி விழும். அடுத்த மழைக்கு மறுபடியும் இறுகும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் படிக்கும் அறையின் ஜன்னல் இப்படித்தான் இருந்தது. இப்போது சின்னவளே ஒரு கையால் திறந்து மூடுகிறாள். அதற்கு என்னென்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எங்கே உரசுகிறது?

நிலையின் உள் விளிம்பு முழுவதும் சாக்பீஸ் தேயுங்கள். கதவை மூடித் திறந்தால், உரசும் இடத்தில் மட்டும் கதவில் வெள்ளை ஒட்டியிருக்கும்.

கொண்டி இருக்கும் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வெள்ளை இருந்தால் மரம் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். கொண்டிப் பக்கத்து மேல் மூலையிலும், அதே பக்கத்தின் அடி மூலையிலும் மட்டும் இருந்தால் கதவு தொங்கிவிட்டது. மேல் கீல் தளர்ந்திருக்கும். இந்தக் கதவை இழைக்கவே வேண்டாம். தொங்கும் கதவை இழைத்துவிட்டு, பிறகு கீலை முடுக்கினால் கதவு கோணலாகத்தான் நிற்கும்.

படி 2: கீல்

ஸ்குரு சும்மா சுற்றுகிறதா? ஓட்டை பெரிதாகிவிட்டது. நீளமான ஸ்குரு போட்டுச் சமாளிப்பதைவிட ஓட்டையை அடைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மருந்து கிள்ளி எடுத்த தீக்குச்சிகளை மரப் பசையில் தோய்த்து, இறுக்கமாகச் செருகுங்கள். நன்றாகக் காய்ந்ததும் வெளியே நீட்டியதை அறுத்துவிட்டு, மெல்லிய துளை போட்டு ஸ்குருவை ஏற்றுங்கள். கைத் திருப்புளியே போதும். மெஷின் வைத்து முடுக்கினால் கடைசிச் சுற்றில் மரம் மறுபடியும் பிய்ந்துவிடும்.

பித்தளை ஸ்குரு போடுவதாக இருந்தால், முதலில் அதே அளவு இரும்பு ஸ்குருவை ஏற்றிக் கழற்றிவிடுங்கள். மரையை இரும்பு வெட்டி வைத்துவிடும். பித்தளை மென்மையானது, நேரடியாக முடுக்கினால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

படி 3: கழற்றுவது

ஒருவர் கதவைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கீல் உட்காரும் பள்ளத்தில் பென்சிலால் இடம், வலம், மேல், கீழ் என்று எழுதிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும். எல்லா ஜன்னலையும் சேர்த்துக் கழற்றிப் போட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

படி 4: இழைப்பது

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் வீங்கும். 45 செ.மீ. அகலமுள்ள பலகைக் கதவில் மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறினால் 2 முதல் 4 மி.மீ. வரை அகலம் கூடும். அதனால் நல்ல மழையில் இழைப்பவர்கள் வெள்ளை ஒட்டிய இடத்தில் கொஞ்சமாகச் சீவினால் போதும். காய்ந்த காலத்தில் இழைத்தால் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

எனக்குச் சிறிய கை இழைப்புளிதான் வேண்டும். மின்சாரத்தில் ஓடுவது ஒரே இழுப்பில் தேவைக்கு மேல் தின்றுவிடும். மேல், கீழ் விளிம்புகளை இழைக்கும்போது மூலையிலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். நடுவிலிருந்து மூலைக்குத் தள்ளினால் கடைசியில் சிராய் பெயர்ந்து மூலை உடையும்.

படி 5: வெட்டுமுனையை அடைப்பது

எனக்குப் பிடிபட நேரமான படி இதுதான். இழைத்தாயிற்று, கீல் சரி, வெளியே புது பெயிண்ட். ஆனாலும் மழை வந்தால் இறுக்கம் திரும்பியது. ஒரு நாள் கைக்கண்ணாடியைக் கதவுக்கு அடியில் செருகிப் பார்த்தேன். அடி விளிம்பில் ஒரு சொட்டு பெயிண்ட்கூட இல்லை; மரம் கறுத்துப்போய், நகத்தால் அழுத்தினால் பதியும் பதத்தில் இருந்தது. நிலையில் மாட்டியபடியே பெயிண்ட் அடித்த கதவுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மரத்தின் நாளங்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. பலகையைக் குறுக்கே வெட்டிய முனையில் அவை திறந்து கிடக்கும், உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போல. முகப்பில் எத்தனை கோட் அடித்தாலும் தண்ணீர் இந்த வாய் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். சட்டம் போட்ட கதவில் செங்குத்துச் சட்டங்களின் மேல், கீழ் நுனிகளில் வெட்டுமுனை தெரியும். நெட்டுப் பலகைகளைச் சேர்த்த கதவில் மேல், கீழ் விளிம்பு முழுவதுமே வெட்டுமுனைதான்.

முதலில் மரம் காய வேண்டும். நிழலில், காற்றோட்டத்தில், இரு பக்கமும் காற்றுப் படும்படி சாய்த்து வையுங்கள். கொளுத்தும் வெயிலில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கதவு வளையும். ஈர மரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, பிறகு கொப்புளமாகக் கிளம்பும். அவசரப்படாதீர்கள்.

காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு, ஆயில் பிரைமரை டர்பன்டைன் விட்டுக் கொஞ்சம் நீர்க்கச் செய்து, வெட்டுமுனையில் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஏற்றுங்கள். முதல் கோட் அப்படியே மறைந்துவிடும், மரம் குடித்துவிட்டது. காய்ந்ததும் நீர்க்காத பிரைமரில் இன்னொரு கோட். மேற்பரப்பு ஒரே சீராக மூடித் தெரியும்வரை இதைத் தொடருங்கள். அதற்கு மேல்தான் பெயிண்ட். புதிதாக இழைத்த பக்க விளிம்புக்கும் பிரைமர் உண்டு.

படி 6: பெயிண்ட்

பழைய வீட்டின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அது எப்போது அடித்தது என்று தெரியாவிட்டால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள், தீயால் சுடாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்துத் தேயுங்கள். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது. கீழே விரித்த பிளாஸ்டிக் தாளைச் செதிலோடு மடித்து எடுத்துவிட்டு, தரையை ஈரத் துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி வீடெல்லாம் பரவும். பெயிண்டில் ஈயம் இருக்கிறதென்று தெரிந்தால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது.

அடுக்குப் பலகை வைத்த லூவர் கதவு என்றால் முதலில் பலகைகளின் உள் மூலைகள், பிறகு பலகை முகம், கடைசியில் சட்டம். பிரஷ்ஷில் குறைவாகத் தொட்டு மெல்லிய கோட்களாக அடியுங்கள். பலகைகள் அசையக்கூடியவை என்றால் பெயிண்ட் காயும்போது அவ்வப்போது ஏற்றி இறக்குங்கள். விட்டுவிட்டால் முளையோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரே வேகம்தான், ஆனால் உள் மூலைகளில் சரியாகப் போய்ச் சேராது. இந்த வேலைக்கு என் ஓட்டு ஓரம் சாய்ந்த ஒன்றரை அங்குல பிரஷ்ஷுக்கே.

பிறகு சேர்த்தது

கீழே கருத்தில் ஒருவர், இறுக்கம் போக விளிம்பில் மெழுகுவத்தி தேய்த்தாராம். இப்போது அங்கே பெயிண்ட் ஒட்டவில்லையாம். மெழுகு நல்ல வழிதான், ஆனால் பெயிண்ட் முழுதாகக் காய்ந்த பிறகே தேய்க்க வேண்டும். முன்பே தேய்த்தவர்கள் டர்பன்டைன் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, உப்புத்தாள் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொருவர் பெயிண்டுக்குப் பதிலாக ஆளி விதை எண்ணெய் பூசலாமா என்று கேட்டிருந்தார். பூசலாம், அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

கடைசியாக, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒன்று. கதவு லேசாகத் திறக்கத் தொடங்கியதும் காற்றில் அடித்துச் சாத்தவும் தொடங்கும். மாட்டும் அன்றைக்கே, திறந்த கதவைப் பிடித்து நிறுத்தும் கொக்கியையும் பொருத்திவிடுங்கள். கீல் பக்க இடுக்கில்தான் விரல்கள் நசுங்கும். மரக் கதவு மாடியில் பிள்ளை விழாமல் தடுக்காது. அதற்குக் கம்பி தனியாக வேண்டும்.