‘ஆன்’ எங்கே போடணும், எங்கே போடக்கூடாது?

ஸ்விட்ச்சில் இருக்கிற ‘ஆன்’ எல்லோருக்கும் தெரியும். வாக்கியத்துக்குள் வந்தால்தான் தடுமாற்றம். மரத்தில், பஸ்ஸில், ரோட்டில் என்று தமிழில் ஒரே உருபு பார்க்கிற வேலையை ஆங்கிலத்தில் ஆன், இன், அட் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

படி 1: ஒட்டியிருக்கிறதா, பாருங்கள்

ஒன்று இன்னொன்றின் பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ‘ஆன்’. மேலேதான் இருக்கணும் என்றில்லை. சுவரில் காலண்டர் ‘ஆன் தி வால்’, கூரையில் பல்லி ‘ஆன் தி சீலிங்’.

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் நின்று சொல்லிப் பாருங்கள். காம்போடு தொங்குகிற மாங்காய் ‘ஆன் தி ட்ரீ’. இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற காக்கா ‘இன் தி ட்ரீ’. காய் மரத்தோடு ஒட்டியது, காக்கா கிளைகளுக்குள் இருப்பது. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆற்றுக்கும் சாலைக்கும் இதே கணக்குதான். ‘ஒகேனக்கல் இஸ் ஆன் தி காவேரி’ என்றால் ஊர் கரையை ஒட்டி இருக்கிறது. ‘இன் தி காவேரி’ என்றால் தண்ணீருக்குள், மீன் இருக்கிற இடம். ‘தர்மபுரி இஸ் ஆன் தி சேலம்–பெங்களூரு ஹைவே.’

படி 2: வண்டி

எழுந்து நடக்க இடமிருக்கிற பஸ், ரயில், விமானத்துக்கு ‘ஆன்’. உட்கார்ந்தே போகிற கார், ஆட்டோ, பரிசலுக்கு ‘இன்’. கால் போட்டு ஏறுகிற சைக்கிள், பைக்குக்கு மறுபடியும் ‘ஆன்’. இறங்கும்போதும் மாறும்: பஸ்ஸிலிருந்து ‘கெட் ஆஃப்’, ஆட்டோவிலிருந்து ‘கெட் அவுட் ஆஃப்’.

படி 3: நாள்

கிழமை, தேதிக்கு ‘ஆன்’. மாதம், வருஷத்துக்கு ‘இன்’. மணிக்கு ‘அட்’. ‘கிருஷ்ணகிரி பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2004.’

காலையில் என்பதற்கு ‘இன் தி மார்னிங்’. கிழமை சேர்ந்ததும் ‘ஆன் மண்டே மார்னிங்’ ஆகிவிடும். லீவ் லெட்டரில் அடிக்கடி வரும் பிழை ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’. நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி முன்னால் வந்தால் ‘ஆன்’ வேண்டாம். ‘ஐ வில் கம் நெக்ஸ்ட் மண்டே’ போதும்.

படி 4: ஆன் டைம், இன் டைம்

6 மணி ஓசூர் பஸ் சரியாக 6 மணிக்கே கிளம்பினால் ‘ஆன் டைம்’. நீங்கள் 5:50-க்கே ஸ்டாண்டுக்கு வந்து அதைப் பிடித்துவிட்டால் ‘இன் டைம்’.

படி 5: வினையோடு சேரும்போது

‘ஸ்விட்ச் ஆன் தி மோட்டார்’, ‘ஸ்விட்ச் தி மோட்டார் ஆன்’ இரண்டும் சரி. மோட்டாருக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘ஸ்விட்ச் இட் ஆன்’. ‘ஸ்விட்ச் ஆன் இட்’ தவறு. ‘டிபென்ட் ஆன் இட்’ மட்டும் எப்படிச் சரி? அங்கே ‘ஆன்’ பின்னால் வரும் பெயரைச் சேர்ந்தது, அதை விட்டுப் பிரியாது.

‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘ஆன்’ போடவே கூடாது: ‘வி டிஸ்கஸ்ட் தி பிராப்ளம்’. அதுவே ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல் ஆனால் ‘எ டிஸ்கஷன் ஆன் தி பிராப்ளம்’ என்று எழுதலாம்.